அரை ஏக்கர் செம்மண்

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த செய்யது அபுதாஹிருக்கு ஒரே மகள், அப்சானா. சிவகாசியில் மாப்பிள்ளை முடிவாகி, நிக்காஹுக்குத் தேதியும் குறித்தாயிற்று. மண்டபம் பேசுவதற்காக அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சம்பந்தி சிக்கந்தரிடமிருந்து போன் வந்தது.

“சம்பந்தி, மண்டபம் வேண்டாம்.”

சிக்கந்தருக்குச் சிவகாசியில் பிரஸ். பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறவர். எந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கப்போகிறது என்பது மணமக்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

“இப்ப பெரிய ஆளுகளெல்லாம் தோட்டத்துலதான் பண்ணுதாக. கெணறு, மாடு, வைக்கப்படப்பு, நடுவுல நிக்காஹ். மதுரையில ஒரு கம்பெனி இருக்கு, பூர்வீகம் வெட்டிங் ஸ்டைலிஸ்ட்ஸ்னு. அவுக நோட்டீஸ நாமதான் அடிச்சோம். எல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாக. உங்களுக்குத் தெரிஞ்ச தோட்டம் ஏதும் இருக்கா?”

அபுதாஹிருக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றுதான். காரியாபட்டிக்குப் பக்கத்தில் சோலைச்சாமிக்கு ஆறு ஏக்கர் கரிசல். பருத்தியும் மிளகாயும் போடுவார். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு சீசனிலும் அவருடைய முதல் லோடு வத்தல் அபுதாஹிரின் மண்டியில்தான் இறங்கும். அப்சானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தத் தோட்டத்துக் கிணற்றில்தான் நீச்சல் பழகினாள்.

2008 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போய்க் கேட்டார்.

“இதென்ன கேள்வி பாய்?” என்றார் சோலைச்சாமி. “அப்சானா எனக்கு மக இல்லையா? தாராளமாப் பண்ணுங்க. வாடகை கீடகைன்னு வாயத் தொறந்தீகன்னா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்.”

அவர் மனைவி சண்முகத்தாய் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். “பருத்தி வெடிக்கிற நேரமாச்சே. அதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல, அண்ணே?”

“ஒண்ணும் ஆவாது தாயி. ரெண்டே நாளு” என்றார் அபுதாஹிர்.

ஜனவரியில் கம்பெனி தோட்டத்தைப் பார்வையிட வந்தது. கம்பெனி என்றால் இரண்டு பேர். ஒருவர் லட்சுமிகாந்தம், கான்செப்ட் டைரக்டர். காதித் துணியில் முழங்கால் வரை சட்டை போட்டு, கழுத்தில் மரமணி மாலை அணிந்திருந்தார். இன்னொருவர் விக்னேஷ்குமார், அசல்தன்மை மேலாளர். கையில் ஒரு அட்டை. அதில் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு படிவம்.

விக்னேஷ்குமார் தோட்டத்தைச் சுற்றிவந்து மதிப்பெண் போட்டார். கிணற்றுக்குப் பத்துக்கு ஏழு. மின்மோட்டார் இருந்ததால் மூன்று குறைந்தது. மாட்டுக்கு இரண்டு, அது கலப்பினப் பசு என்பதால். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குப் பூஜ்யம். டிராக்டருக்கு மைனஸ் ஐந்து. கடைசியில் சோலைச்சாமியையே மேலும் கீழும் பார்த்தார். சோலைச்சாமி டெரிகாட்டன் சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, கைக்கடிகாரம் கட்டியிருந்தார். மீசையை ஒட்ட நறுக்கியிருந்தார்.

“விவசாயி, பத்துக்கு இரண்டு” என்று எழுதிக்கொண்டார் விக்னேஷ்குமார்.

மொத்தம் முப்பத்துநான்கு வந்தது.

“தேறலையா?” என்று கேட்டார் அபுதாஹிர். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவைக் கேட்ட அதே குரல்.

லட்சுமிகாந்தம் அவர் தோளில் கை வைத்தார். “கவலைப்படாதீங்க சார். இங்க கிராமம் இருக்கு. கிராமத்தன்மைதான் இல்ல. அதைக் கொண்டுவர்றதுக்குத்தான் நாங்க இருக்கோம். போன மாசம் கொடைக்கானல் ரோட்டுல ஒரு வயலை முப்பதுலேருந்து தொண்ணூத்தி ஒண்ணுக்குக் கொண்டுபோனோம். அங்க இருந்த மக்களுக்கே அது எந்த ஊர்னு தெரியல. அதுதான் சார் வெற்றி.”

பிறகு குனிந்து ஒரு கை கரிசலை அள்ளினார். முகம் சுளித்தது.

“மண்ணு கறுப்பா இருக்கே?”

“கரிசல்ங்க. கறுப்பாத்தான் இருக்கும்” என்றார் சோலைச்சாமி.

“ஃபோட்டோவுல இது அழுக்காத் தெரியும். செம்மண்ணுலதான் சார் பாசம் தெரியும். மக்கள் மனசுல கிராமம்னா செவப்பு.”

சோலைச்சாமி அபுதாஹிரைப் பார்த்தார். அபுதாஹிர் கிணற்றைப் பார்த்தார்.

அன்றே ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். ‘தள மாற்ற ஒப்புதல்’ என்று தலைப்பு. கீழே ‘தோட்ட உரிமையாளர்’ என்று போட்டு ஒரு கோடு. சோலைச்சாமி மோட்டார் ரூமுக்குள் இருந்தார். கூப்பிட்டால் பத்தடி. ஆனால் லட்சுமிகாந்தம் பேனாவைத் திறந்து நீட்டிவிட்டார். “யார் போட்டா என்ன சார், சும்மா நடைமுறைதான்” என்றார். அபுதாஹிர் போட்டார். கையெழுத்துப் போடும்போது ஏதோ ஒரு பிடிக்காத பொருளைத் தொட்டதுபோல் இருந்தது. அதைப் பேனாவின் குற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் தோட்டத்துக்குப் போனபோது சாலையோரம் அரை ஏக்கர் பருத்தியைக் காணவில்லை. காய் வெடித்து இரண்டாம் எடுப்புக்கு நின்ற செடிகள். அந்த இடத்தில் ஒன்பது லாரி சிவப்புச் சரளை கொட்டிக் கிடந்தது. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளாம்; ஒரு நாள் கிராமத்தை ஏற்றி வந்தன. ஒரு ரோடு ரோலர் முன்னும் பின்னும் போய் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

“ரோலர் எதுக்கு?” என்றார் அபுதாஹிர்.

“லேடீஸ் ஹீல்ஸ் போட்டு வருவாங்க. புதைஞ்சிரக் கூடாது” என்றார் விக்னேஷ்குமார்.

சோலைச்சாமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அபுதாஹிர் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் இருவரும் ரோலரையே பார்த்தார்கள்.

“நீங்க கையெழுத்துப் போட்டுட்டீகன்னு அந்தத் தம்பி காட்டுனான்” என்றார் சோலைச்சாமி.

“நான் படிச்சுப் பாக்கல, சோலைச்சாமி.”

“சரி, விடுங்க பாய். அப்சானா கல்யாணம். கோளாறு பேசக்கூடாது.” சொல்லிவிட்டு அவர் பிடுங்கிப் போட்டிருந்த பருத்திமார்க் கட்டுகளைத் தூக்கி ஓரத்தில் அடுக்கப் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் அபுதாஹிர் கொஞ்சம் நிம்மதியாக விருதுநகர் திரும்பியிருப்பார்.

அதன்பின் கிராமத்தன்மை வேகமாக ஏறியது. ஆஸ்பெஸ்டாஸுக்கு மேல் பனையோலை வேய்ந்தார்கள். டிராக்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன்மேல் வைக்கோலைப் போர்த்தி வைக்கப்படப்பு ஆக்கினார்கள். பசுவை ஊருக்குள் ஓட்டிவிட்டு, கொம்பு சீவிய காளை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். கரிசலில் நெல் விளையாது என்று சண்முகத்தாய் சொன்னாள். அதை விக்னேஷ்குமார் குறித்துக்கொண்டு, முந்நூறு பூந்தொட்டியில் நாற்று வரவழைத்தார். தோட்டத்தில் எப்போதும் மேயும் மயில்கள் ரோலர் சத்தத்தில் ஓடிப்போயிருந்தன. மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் கட்டிக் குயில் கூவ வைத்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு அதுவரை கேட் கிடையாது, வெறும் முள்வேலிதான். இப்போது மூங்கிலில் பெரிய வாசல் வைத்து, அதற்கு நாலு காவலாளிகளைப் போட்டார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் சிக்கந்தர் வீட்டில் ஒரு கூட்டம். அங்கேதான் லட்சுமிகாந்தம் ‘கதை’யை வெளியிட்டார். எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரு கதை வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. பொண்ணு வீட்டுக்கு ஒரு கதை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கதை. பத்திரிகையோடு சேர்த்து அச்சடித்து அனுப்புவார்கள்.

அவர் எழுந்து நின்று வாசித்தார். “மணமகளின் முப்பாட்டனார் தம் வியர்வையால் பண்படுத்திய மண். நான்கு தலைமுறைகளின் பாதம் பட்ட பூமி. வேரிலிருந்து மலர்கிறது ஒரு பந்தம்.”

அபுதாஹிரின் முப்பாட்டனார் கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்தவர். மண்ணை அவர் செருப்பில் ஒட்டினால் தட்டிவிட்டிருப்பார்.

“அடேயப்பா!” என்றார் சிக்கந்தர். கண்ணில் மெய்யாகவே மரியாதை ஏறியிருந்தது. “சொல்லவே இல்லையே சம்பந்தி? பூர்வீகத் தோட்டமா அது?”

அறையில் மாப்பிள்ளை ஆசிக், அவன் மாமன்மார், இரண்டு பிரஸ் முதலாளிகள் எல்லோரும் அபுதாஹிரைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்பது சின்னச் சொல். அவர் அதைச் சொல்ல வாய் திறந்தபோது லட்சுமிகாந்தம் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கை தட்டல் ஓய்ந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தார். ஓய்ந்ததும் டீ வந்தது.

திரும்பி வரும்போது காரில் மனைவி பீவி ஜான், “அது நம்ம தோட்டம்னு எப்பங்க ஆச்சு?” என்று கேட்டார்.

“கல்யாணம் முடியட்டும். சொல்லிக்கிடலாம்” என்றார் அபுதாஹிர்.

நான்கு தலைமுறைத் தோட்டம் என்றால் அதில் ஒரு விவசாயி வேண்டும். பத்துக்கு இரண்டு வாங்கியவரை வைத்து ஒப்பேற்ற முடியாது. மதுரையிலிருந்து சுந்தரபாண்டி என்ற நாடக நடிகரைக் கொண்டுவந்தார்கள். ராஜா வேஷம் போடுகிறவர். பெரிய மீசை, கணீரென்ற குரல். முண்டாசு கட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்து, வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். ஒத்திகையன்று அவர் மண்வெட்டியைச் செங்கோல் மாதிரி பிடித்திருந்தார்.

சோலைச்சாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய், “அண்ணாச்சி, காம்ப இப்படிக் கீழாப்புல பிடிங்க. அப்பத்தான் தோளு அறுக்காது” என்று காட்டிக்கொடுத்தார்.

“நீங்க இங்க என்ன வேலையா இருக்கீங்க?” என்று கேட்டார் சுந்தரபாண்டி.

“சும்மா, பாக்க வந்தேன்” என்றார் சோலைச்சாமி.

கல்யாணத்தன்று அபுதாஹிருக்கு எதைப் பார்த்தாலும் வேறு யாரோ வீட்டு விசேஷம் போலவே தெரிந்தது. காலை வெயிலில் சரளை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மாப்பிள்ளை மாட்டுவண்டியில் வந்தான். அதற்கு முன் அவன் மாட்டுவண்டியில் ஏறியதில்லை, அந்தக் காளையும் வண்டி இழுத்ததில்லை. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். சிவகாசிக்காரர்கள் பதினாயிரம் வாலா கொண்டுவந்திருந்தார்கள். “கிராமம்னா அமைதி சார்” என்று சொல்லி அதைக் காவலாளிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பட்டாசு ஊர்க்காரர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல உள்ளே வந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் கம்பங்கூழ். ஒரு கலயம் குடித்துவிட்டு, பிரியாணி எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் ரகசியமாக விசாரித்தார்கள்.

நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத்திடம் விக்னேஷ்குமார் பணிவாக ஒரு வேண்டுகோள் வைத்தார். பதிவேட்டை ஓலைச்சுவடியில் எழுத முடியுமா? ஹஜ்ரத் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எழுதலாம் தம்பி. பாஸ்போர்ட் ஆபீசுல ஒத்துக்கிடுவாகளா, கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

பத்தே முக்காலுக்கு அபுதாஹிர் ஓலை மேடையில் நின்றிருந்தார். ஒரு பக்கம் சிக்கந்தர், அவர் பக்கத்தில் சிவகாசி பிரஸ் முதலாளிகள். “நாலு தலைமுறை! இந்தக் கெணத்த வெட்டுனதே சம்பந்தியோட பாட்டனாருதான்” என்று சிக்கந்தர் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றைப் பற்றி கதையிலேகூடக் கிடையாது. அது அவராகச் சேர்த்தது.

அப்போது லட்சுமிகாந்தத்தின் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. அவர் கேட்டுவிட்டு அபுதாஹிரின் காதருகே வந்தார்.

“சார், கேட்டுல ஒருத்தர் சம்சாரத்தோட வந்து நிக்கிறாராம். வெள்ளச் சட்டை, நீலம் போட்டது. அந்தம்மா கிளிப்பச்சைப் பட்டு. மண் நிறத்துல வரணும்னு பத்திரிகையிலேயே போட்டிருக்கோம். போட்டோவுல கண்ணுல அடிக்கும். கேட்டா, தோட்டக்காரர்னு சொல்றாராம். தோட்டக்காரர் ஏற்கெனவே உள்ளே இருக்காரேன்னு நம்ம ஆளுங்க சொல்லியிருக்காங்க. என்ன செய்யலாம்?”

அபுதாஹிர் நிமிர்ந்து பார்த்தார். நூறு கஜ தூரத்தில் மூங்கில் வாசலுக்கு வெளியே கிளிப்பச்சை தெரிந்தது. பக்கத்தில் வெள்ளை. சோலைச்சாமி எவ்வி எவ்வி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கையை உயர்த்தினார்.

“யாரு சம்பந்தி?” என்றார் சிக்கந்தர். “தோட்டக்காரரா? இதுக்கு வேற தோட்டக்காரர் இருக்காரா?”

அபுதாஹிர் கையை உயர்த்தியிருக்கலாம். மேடையிலிருந்து இறங்கி, நூறு கஜம் நடந்து, இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கலாம். அதற்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதன்பின் எத்தனையோ நாள் அந்த மூன்று நிமிடத்தை அவர் மனதுக்குள் நடந்து நடந்து பார்த்தார்.

“தெரிஞ்சவுகதான். கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார்.

கம்பெனியின் கையேட்டில் ‘அப்புறம்’ என்றால் ‘இல்லை’ என்று பொருள். அது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மண்டியில் அவரும் அந்தச் சொல்லை அதே பொருளில்தான் பயன்படுத்துகிறவர்.

ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தார். எல்லோரும் கையேந்தினார்கள். அபுதாஹிரும் ஏந்தினார். துவா முடிந்து முகத்தைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தபோது பச்சையைக் காணவில்லை. அங்கே சுந்தரபாண்டியோடு யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் பீவி ஜான் தேடி வந்தார். “சண்முகத்தாயிய எங்கங்க? ‘அத்தை வரல்லியா, மாமா வரல்லியா’ன்னு அப்சானா கேட்டுக்கிட்டே இருக்கா.”

“வந்தாக. முதப் பந்தியிலயே சாப்பிட்டுட்டுப் போயிட்டாக.”

பிரியாணி மண்சட்டியில் வந்தது. சட்டி ஒழுகியது. அபுதாஹிர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, வெகு நேரம் மென்றார்.

மறுநாள் கம்பெனி தன் கிராமத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. ஓலை, தொட்டி, குயில், காளை எல்லாம் போயின. சரளை மட்டும் கிடந்தது. கேட்டதற்கு, மண் நுகர்பொருள் வகையில் வருகிறது, அதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். நாலு நாள் கழித்து லட்சுமிகாந்தமே போன் செய்து வாடிக்கையாளர் கருத்துக் கேட்டார். கிராமத்தன்மைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு கொடுப்பீர்கள்?

“அதிருக்கட்டும். அன்னைக்குக் கேட்டுல நின்னவுகள என்ன சொல்லி அனுப்புனீக?”

“ஓ, அவரா? ரொம்ப மரியாதையா அனுப்பினோம் சார். எங்க ஸ்டாஃப் யாரையும் மனசு நோக விடமாட்டாங்க. ‘உங்க ஆர்வத்துக்கு நன்றி. இந்த நிகழ்ச்சியில விவசாயி வேஷத்துக்கு ஆள் போட்டாச்சு. அடுத்ததுல இருந்தா கூப்பிடுறோம்’னு சொல்லி, போன் நம்பர்கூட வாங்கி வச்சோம். உண்மையச் சொல்றேன் சார், அவரு முகத்துல அந்தக் களை இல்ல. விவசாயம் பண்றவங்க எல்லாரும் விவசாயி ஆயிட முடியாது.”

அபுதாஹிர் போனை வைத்தார். அன்று பீவி ஜானிடம் எல்லாவற்றையும் சொன்னார். பீவி ஜான் திட்டவில்லை. “நிக்காஹ் நடக்கையிலயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு காலையும் அவர் கிளம்புவார். ஏதாவது ஒரு வேலை வந்துவிடும், அல்லது வரவழைத்துக்கொள்வார். மார்ச் பிறந்தது. மண்டியில் வத்தல் லோடு இறங்க ஆரம்பித்தது. சோலைச்சாமியின் மூட்டை வரவில்லை. அது எதிர் வரிசை மண்டியில் இறங்கியதை அவர் கடைக்குள்ளிருந்து பார்த்தார். சோலைச்சாமி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரம் சிக்கந்தர் போன் செய்தார். “ஞாயித்துக்கிழமை நம்ம பிரஸ்காரக ரெண்டு பேரோட தோட்டத்துக்கு வாரேன் சம்பந்தி. சின்னவன் கல்யாணத்தையும் அங்கனயே வச்சிரலாம்னு பாக்கேன். உங்க தோட்டம் இருக்கையில வேற எடம் எதுக்கு?”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அபுதாஹிர் காரியாபட்டி பஸ்ஸில் ஏறினார். போகும் வழியெல்லாம் அவர் தயார் செய்தது மன்னிப்புக் கேட்கும் பேச்சைத்தான் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவர் யோசித்தது, ஒரு மணி நேரம் மட்டும் சோலைச்சாமி ஊருக்குள் போயிருக்க முடியுமா என்று எப்படிக் கேட்பது என்பதைத்தான்.

சோலைச்சாமி கடப்பாரையால் சரளையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ரோலர் போட்டு இறுகியது தார் ரோடாகக் கிடந்தது. சண்முகத்தாய் பெயர்த்ததைக் கூடையில் அள்ளி ஓடைக்கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் இரண்டு கட்டில் அளவுக்குக் கரிசல் வெளியே தெரிந்தது.

“வாங்க மொதலாளி” என்றார் சோலைச்சாமி.

பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊருக்குள் போயிருக்கச் சொல்ல வந்ததை அபுதாஹிர் சொல்லவில்லை.

“சோலைச்சாமி, அன்னைக்கு…”

“வெயில் ஏறுறதுக்குள்ள இந்த வரிசைய ஒடைக்கணும், மொதலாளி. உக்காருங்க.”

அபுதாஹிர் உட்காரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தார். அறுபது வயதில் அவர் எடுத்த முதல் மண்வெட்டி. வெட்டியதும் அது தெறித்துக் காலுக்கு வந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சோலைச்சாமி காட்டிக்கொடுக்கவில்லை. அரை மணியில் உள்ளங்கை இரண்டிலும் கொப்பளம் கட்டிவிட்டது.

சிக்கந்தரின் கார் வந்து நின்றபோது அவர் தலையில் கூடை இருந்தது. இறங்கியவர்கள் மூன்று பேரும் அசந்துபோய் நின்றார்கள்.

“என்ன சம்பந்தி இது? வேலைக்கு ஆள் இல்லையா?”

அபுதாஹிர் கூடையை இறக்கினார். முகத்திலிருந்த செம்மண்ணைத் துடைத்தார்.

“இது என் தோட்டம் இல்ல சம்பந்தி. எனக்கு முப்பாட்டன் காலத்துலயும் ஒரு சாண் நெலம் கெடையாது. இது இவரு தோட்டம். சோலைச்சாமி. கல்யாணத்துக்குச் சும்மா குடுத்தாரு. வெளஞ்ச பருத்திய அழிச்சு இதக் கொட்டுனதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்னைக்குக் கேட்டுல நின்னதும் இவரும் இவரு சம்சாரமுந்தான். நிக்கட்டும்னு சொன்னதும் நான்தான்.”

பிறகு சிக்கந்தரின் தொப்பை குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கா இப்படி நிக்கீக? என் கதைய வாசிச்சீகளா? ‘மூன்று தலைமுறையாக அச்சுக்கலைக்குத் தொண்டாற்றிவரும் குடும்பம்.’ எங்க அத்தா எம். புதுப்பட்டி வெலக்குல சர்பத் கடை வச்சிருந்தாரு, சம்பந்தி! லட்சுமிகாந்தம் எழுதுனான், நான் அச்சடிச்சேன். நீங்க நிசமான பூர்வீகக்காரருன்னு நான்தான் உங்களப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

கூட வந்த இருவரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், தம் வீட்டுக் கல்யாணத்தில் அதே கம்பெனி தம்மை ஜமீன் பரம்பரை ஆக்கியதைச் சொன்னார். சிக்கந்தர் அபுதாஹிரைக் கட்டிக்கொண்டார். சம்பந்திகளுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

சோலைச்சாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார்.

“நீங்க ஒருத்தருக்கொருத்தர் பொய் சொன்னது உங்களுக்குள்ள” என்றார். “அதுல எனக்கு ஒண்ணுமில்ல. பருத்தி போனதும் போகட்டும். மொதலாளி, அன்னைக்கு மேடையிலருந்து நீங்க எங்களப் பாத்தீக. நான் கையத் தூக்குனேன்.”

“பாத்தேன்” என்றார் அபுதாஹிர்.

“கூட்டத்துல தெரிஞ்சிருக்காதுன்னு இவ ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கா. அதான் கேட்டேன்.”

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நிக்காஹ் ஓதி முடியிற மட்டும் ரோட்டு மேலயே நின்னோம்” என்றாள், யாரையும் பார்க்காமல். “புள்ளைக்கு நல்லது நடக்கையில முதுகக் காட்டிட்டுப் போகக்கூடாதுல்ல.”

சிக்கந்தரின் சிரிப்பு நின்றுவிட்டது. வந்த இருவரும் காரைப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் சொல்லிக்கொள்ளாமலே அவர்கள் கிளம்பினார்கள். சின்னவன் கல்யாணத்தைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அபுதாஹிர் காரில் ஏறவில்லை.

மறுவாரம் ஜே.சி.பி. ஒன்று கொண்டுவந்து ஒரே நாளில் வழித்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். “இன்னொரு மிசினு ஏறுனா அடிமண்ணும் செத்துரும்” என்றார் சோலைச்சாமி. கூலிக்கு ஆள் விடுவதாகச் சொன்னார். சோலைச்சாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஆகவே அவரே ஞாயிற்றுக்கிழமை தோறும் போனார். சோலைச்சாமி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எட்டாவது வாரம், “ஆழமா வெட்டாதீக, கரிசலும் சேந்து வருது” என்று சோலைச்சாமி ஒரு வார்த்தை சொன்னார். அபுதாஹிர் அன்று அதைப் பீவி ஜானிடம் இரண்டு தடவை சொன்னார். அப்சானா ஒரு நாள் புருஷனோடு வந்து சண்முகத்தாயின் மடியில் படுத்து அழுதுவிட்டுப் போனாள். அவளுக்குக் காபி கிடைத்தது. அவள் அத்தாவுக்கும் ஒரு தம்ளர் வந்தது, பேச்சில்லாமல்.

முடிந்தவரை வழித்தும் சரளை முழுதாகப் போகவில்லை. ஐப்பசி மழை மிச்சத்தைக் கரிசலுக்குள் இறக்கிவிட்டது. மறு வருடம் சோலைச்சாமி மிளகாய் நட்டார். ஐந்தரை ஏக்கரில் செடி இடுப்பளவு வந்தது. சாலையோர அரை ஏக்கரில் சாண் உயரத்தில் வெளுத்துப்போய் நின்றது. போகிற வருகிறவர்கள் அந்த இடத்துக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிறவர்கள் எல்லோருக்கும் அது இப்போது ‘பாய் காடு’.

பேர் விருதுநகருக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் பெத்தணன் என்ற புதுத் தரகர் மண்டிக்கு வந்தவர், வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“உங்களுக்குக் காரியாபட்டிப் பக்கம் காடு கெடக்காமே, மொதலாளி? நெசந்தானா?”

அபுதாஹிர் தராசை நிறுத்தினார்.

“ஆமா. அரை ஏக்கர்.”

“என்ன போட்டிருக்கீக?”

“போடுறதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு” என்றார். “இன்னும் ஒண்ணும் வரல.”